மாற்றாள்

பணத்தைக் கட்டுவதற்கு ஒரு கவுண்டர் போதும். கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவதற்கு ஏழு பேர் கையெழுத்து வேண்டும். தஞ்சாவூருக்கு வெளியே பைபாஸை ஒட்டி நிற்கிற அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் மட்டும்தான் இப்படி என்று சொல்லிவிட முடியாது. உண்டியலில் தவறி விழுந்த மோதிரத்தைக்கூட இதைவிடச் சுலபமாக மீட்டுவிடலாம்.

வானதி அந்த விண்ணப்பத்தைக் காலை ஒன்பதரைக்கே வாங்கிவிட்டாள். நாற்பத்திரண்டு வயதில் முதலாமாண்டு பி.எஸ்ஸி. தாவரவியல் படிக்கிறவள் அவள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் ஒரு மாதத்துக்கு முன்னால் எடுத்த போட்டோ சிரித்துக்கொண்டிருந்தது. போட்டோவுக்கு மேலே இருந்த முகத்தில் சிரிப்பு இல்லை.

"இன்னிக்கித்தான் கடைசிங்கக்கா," என்றான் கட்டணப் பிரிவில் உட்கார்ந்திருந்த ஃபாஜில். "நாலு மணிக்குள்ள குடுத்தீங்கன்னா எண்பது பர்சன்ட் வந்துரும். நாளைக்கின்னா பாதிதான். அடுத்த வாரம்னா அதுவும் இல்ல."

பின்னால் சுவரிலும் அதையே அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். படிப்பிலிருந்து விலகுகிறவருக்கு எத்தனை நாளைக்குள் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று வரிசையாகக் கட்டம் போட்டு, கடைசிக் கட்டத்தில் ஒரு பூஜ்யம். வானதி விண்ணப்பத்தைப் பார்த்தாள். நூலகம், ஆய்வகம், விடுதி, பேருந்து, விளையாட்டு, துறைத் தலைவர். ஏழாவதாக, பெற்றோர் அல்லது பாதுகாவலர், நேரில்.

"தம்பி, எனக்கே காலேஜ் படிக்கிற புள்ள இருக்கான்."

"தெரியுதுங்கக்கா. ஆனா சேரும்போது யாரு கையெழுத்துப் போட்டாங்களோ அவங்களேதான் வரணும். ஒங்க ஃபாரத்துல அப்பா போட்ருக்காங்க."

அவன் மேல் தப்பில்லை. கணவன் மதிவாணன் குவைத்தில் இருக்கிறான், அதனால் அப்பாதான் போட்டார். வானதி வெளியே வந்து நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊருக்குப் போன் போட்டாள். "அப்பா, காலேஜ்ல ஒரு கையெழுத்துப் போடணும். சாயங்காலம் நாலுக்கு முன்னால வந்துருங்க." எதற்கு என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டார். அது தெரிந்துதான் சொல்லாமல் விட்டாள்.

விஷயம் இதுதான். அப்பா துரைராசுவுக்குச் சொந்தமாக மூன்று ஏக்கர் நிலம். போன வருஷம் சம்பா அறுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு நெல் வயலிலேயே முளைத்துவிட்டது. இன்சூரன்ஸ் இன்று வரும் நாளை வரும் என்று வருஷமே திரும்பிவிட்டது. இப்போது நாற்று பறிக்கிற பக்குவத்தில் நிற்கிறது. உழவுக்கும் நடவுக்கும் கையில் பணமில்லை. அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது, வலது முட்டி மடங்கவில்லை. மதிவாணன் அனுப்புவது மகன் படிப்புக்குச் சரியாகப் போகிறது. அம்மா இருந்தவரைக்கும் அம்மா பார்த்தாள், அவளுக்குப் பிறகு வயலில் இறங்க வானதியை விட்டால் ஆளில்லை. வாய்க்காலில் முறைத் தண்ணீர் வந்த ஆறு நாள் வகுப்புக்கு மட்டம் போட்டாயிற்று. நடவு என்றால் இன்னும் பத்து நாள் போகும். படித்தது போதும், கட்டிய பணத்தில் எண்பது சதவீதம் வந்தால் நடவு நட்டுவிடலாம் என்று முந்தின நாள் அடுப்படியில் நின்றுகொண்டே அவள் முடிவு செய்தாள். இப்படிப்பட்ட முடிவுகளைப் பெண்கள் உட்கார்ந்து எடுப்பதில்லை.

விடுதியில் வார்டன் அரைமணி நேரம் ரிஜிஸ்டரைப் புரட்டி, இவள் அங்கே தங்கியதே இல்லை என்று கண்டுபிடித்து, தங்காதவள் பாக்கி எதுவும் வைக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டார். விளையாட்டுத் துறையில் பூப்பந்து மட்டை எதுவும் எடுத்துப் போயிருக்கிறாளா என்று கேட்டார்கள். மண்வெட்டிதான் எடுத்துப் பழக்கம் என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் ஸ்பிரிட் வாசனை வந்தது. மற்ற இடமெல்லாம் பரவாயில்லை. இங்கேதான் அவளுக்குக் கால் ஓடவில்லை.

"என்னக்கா, நெசமாவே போறீங்களா?" என்று கேட்டாள் எழில்மொழி. பதினெட்டு வயது, கீழ்வேளூர்ப் பக்கத்துப் பெண், ஆய்வக மேஜையில் வானதிக்குப் பக்கத்து இடம். "ரெண்டரைக்குத்தான் பிராக்டிகல். அதுக்காச்சும் இருங்க."

"பணத்த வாங்கிட்டு வந்து சொல்லிட்டுப் போறேன்," என்றாள் வானதி.

இதே வாசனை இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அவள் தாவணியில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். அப்போது அவள் படித்தது தஞ்சாவூரில் ஒரு மகளிர் கல்லூரியில், இதே தாவரவியல். நீடாமங்கலத்தில் பாசஞ்சர் ஏறினால் ஜன்னலோரம் இடம் கிடைக்கும். அம்மா நாகம்மாள் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றின் எண்ணெய் டிபன் பாக்ஸைத் தாண்டி நோட்டு ஓரத்தில் இறங்கியிருக்கும். அந்த நாட்களை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் முதலில் ஞாபகம் வருவது அந்த எண்ணெய்க் கறைதான்.

ஆனந்தவல்லி மேடம் என்று ஒரு ஆசிரியை. முதல் வாரமே ஆளுக்கொரு செடி பறித்து வரச் சொன்னார். டவுன் பெண்கள் செம்பருத்தியும் ரோஜாவும் கொண்டு வந்தார்கள். வானதி வரப்பிலிருந்து ஆரைக்கீரையைப் பிடுங்கி ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோனாள். சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. நாலு இலையையும் விரித்துக் காட்டி, "இது பூக்காது, காய்க்காது. பெரணி இனம். பூவே இல்லாம எத்தனையோ கோடி வருஷமா இருந்துக்கிட்டிருக்கு," என்று சொல்லி, அதற்கு ஒரு லத்தீன் பெயரையும் பலகையில் எழுதினார். தினமும் மிதித்துக்கொண்டு போன கீரைக்கு அப்படியொரு பெயர். அன்று ரயிலில் வீட்டுக்குத் திரும்பும்போது வெளியே தெரிந்த ஒவ்வொரு செடியும் தன்னிடம் ஏதோ சொல்ல வருவதுபோல் இருந்தது அவளுக்கு. அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு எத்தனை நாள் இருந்தோம் என்று விரல்விட்டு எண்ணினால், கை நிறையாது.

இருபத்தேழு நாள் போனாள். ஆற்றில் தண்ணீர் வராத வருஷம் அது. ஆழ்குழாய்ப் போர் போட்டு இறைத்தவன் பிழைத்தான், மற்றவன் வானத்தைப் பார்த்தான். துரைராசுவிடம் போர் இருந்தது, இறைக்க எஞ்சின் இல்லை. பயிர் காய ஆரம்பித்தது. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டிய கல்லூரிப் பணம் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. இருபத்தெட்டாம் நாள் துரைராசு மகளோடு ரயிலேறிக் கல்லூரி அலுவலகத்துக்குப் போனார்.

அந்தக் காலத்து விதி வேறு. காலியான இடத்துக்கு வேறு மாணவி வந்து சேர்ந்தால் கட்டிய பணம் முழுசும் திரும்பும். யாரும் சேராவிட்டால் ஒரு பைசா கிடையாது. வேறு தகப்பனாக இருந்தால் கெஞ்சியிருப்பான், இல்லை சண்டை போட்டிருப்பான். துரைராசுவுக்கோ அந்த விதி ரொம்ப நியாயமாகப் பட்டது. எங்கள் பக்கத்து நடவில் அதுதானே வழக்கம். நடவுக்கு வருகிறேன் என்று சொன்ன பெண்ணுக்கு அன்றைக்கு முடியாமல் போனால், தங்கையையோ நாத்தனாரையோ மாற்றாளாக அனுப்பிவிட்டுத்தான் வீட்டில் இருப்பாள். வரிசையில் ஆள் குறையக் கூடாது.

"இவ்வளவுதானே, மாத்தாள் கொண்டாரேன்," என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டு வந்தார் மனுஷர். கல்லூரிக்கு மாற்றாள் கொண்டுபோன தகப்பன் டெல்டாவிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். நீடாமங்கலம் சைக்கிள் கடைக்காரர் மகள் பர்வின், நல்ல மார்க் எடுத்தும் இடம் கிடைக்காமல் வீட்டில் இருந்தாள். துரைராசு இரண்டு நாள் அவர்கள் வீட்டு வாசலில் நின்று பேசிச் சம்மதிக்க வைத்து, பர்வினையும் அவள் வாப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டார். பர்வின் வானதியின் இடத்தில் உட்கார்ந்தாள். எண்ணெய்க் கறை பட்ட நோட்டையும் வானதி அவளிடமே கொடுத்துவிட்டாள். வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது.

பணம் முழுசாகத் திரும்பி வந்தது. அதில் பழைய ஆயில் எஞ்சின் ஒன்று வந்தது. பயிர் பிழைத்தது. துரைராசு போர்டு எழுதுகிறவனைக் கூட்டிவந்து எஞ்சின் மேல் சிவப்புப் பெயிண்டில் 'வானதி' என்று எழுத வைத்தார். ஊரில் மகள்மேல் எவ்வளவு பாசம் பார் என்றார்கள். அவளோ ஒரு வருஷம் அந்த எஞ்சின் கொட்டகைப் பக்கமே போகவில்லை. அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டதுமில்லை.

துறைத் தலைவர் அறையில் முனைவர் பர்வின் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்த விண்ணப்பத்தைப் பார்த்தாள். இங்கே இது தற்செயல் என்று யாரும் நினைக்க வேண்டாம். தனியார் கல்லூரிகளில் கோடை விடுமுறையில் ஆசிரியர்களை ஊர் ஊராக ஆள் பிடிக்க அனுப்புவார்கள். பர்வின் சேர்த்துவிட வேண்டிய கணக்கில் இரண்டு இடம் குறைந்தது. நேராக வானதி வீட்டுக்கு வந்து, "அன்னைக்கி ஒன் எடத்துக்கு நான் வந்தேன்ல. இப்ப நான் கூப்புடுறேன், வா," என்றாள். வானதி சிரித்துக்கொண்டே தண்ணீர் எடுக்க உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தபோது, அப்பா தன் சொந்தப் பேனாவை எடுத்துக் கையெழுத்தே போட்டு முடித்திருந்தார்.

"காரணம் 'குடும்பச் சூழ்நிலை'ன்னு எழுதியிருக்க," என்றாள் பர்வின்.

"வேற என்ன எழுதறது. நடவுன்னு எழுதினா இவங்களுக்குப் புரியுமா?"

"எனக்குப் புரியும்."

 வெளியே ஏதோ வகுப்பு முடிந்து பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள்.

"அந்த நோட்டு இருக்கா பர்வின்?"

"சுனாமிக்கு மறு வருஷம் வெள்ளம் வந்துச்சுல்ல, அதுல போச்சு. ஆனா அதுல நீ வரைஞ்சிருந்த ஆரைக்கீரை இருக்குல்ல, அத வருஷா வருஷம் நான் போர்டுல வரையிறேன். இன்னும் ஒனக்கு வந்த மாதிரி எனக்கு வரல." பர்வின் பேனாவைத் திறந்தாள். "ஒன் எடத்துல ஒக்காந்து படிச்சவ நான். ஒன்னப் போகச் சொல்லிக் கையெழுத்துப் போட எனக்குக் கை வரல. போடலன்னா எண்பது பாதியாப் போயிரும். என்ன செய்யச் சொல்ற?"

"போட்டுரு."

போட்டாள். போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்ப்யூட்டரில் எதையோ தேடுவதுபோல் இருந்தாள். வானதி விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டாள். முதல் தடவை விட்டுப் போனபோது பதினேழு வயது. அழுதால் யாராவது சமாதானம் சொல்வார்கள். இப்போது அழுதால் ஜலதோஷமா என்று கேட்பார்கள்.

துரைராசு வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. நடுவழியில் பஸ் டயர் வெடித்துவிட்டதாம். சலவைச் சட்டை, துண்டு, கையில் குடை. சட்டைப் பையில் அதே பேனா. கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தார்.

"வாத்தியாருங்க கூப்பிட்டு விட்டாங்களா பாப்பா? நல்லாப் படிக்கிறன்னுதானே சொல்லுவாங்க?"

நாற்பத்திரண்டு வயது மகளை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார். வானதி அவரைக் கவுண்டருக்குக் கூட்டிப் போனாள். ஃபாஜில் விண்ணப்பத்தைத் திருப்பி வைத்து, விரலால் இடத்தைக் காட்டினான்.

"இங்க போடுங்கய்யா. அக்கா படிப்ப விட்டு விலகுறதுக்கு நீங்க சம்மதம் குடுக்குறீங்க, அவ்வளவுதான்."

பேனா மூடியைத் திறந்த கை நின்றது. துரைராசு ஃபாஜிலைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார்.

"நாத்து பறிக்கணும்லப்பா," என்றாள் அவள். "ஒங்களால எறங்க முடியாது. கையில பணமும் இல்ல. நாலு மணிக்குள்ள குடுத்தா எண்பது பர்சன்ட் வரும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம் என்பது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

துரைராசு ஃபாஜில் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்த சீட்டுக்கு வேற ஆளு வந்து சேந்தா முழுப் பணமும் தருவீங்களா?"

"இப்ப அப்படியெல்லாம் விதி இல்லீங்கய்யா. தேதிதான் கணக்கு. அட்மிஷனும் முடிஞ்சிருச்சு, யாரும் சேர முடியாது."

"அப்ப அந்த எடம்?"

"காலியாத்தாங்க இருக்கும்."

"எத்தன நாளைக்கு?"

"மூணு வருஷமும்தான்."

"தரிசாப் போட்டுருவீங்களா?" என்றார் துரைராசு. குரல் உயரவில்லை. ஆனால் அந்த வார்த்தையை அவர் சொன்ன விதத்தில் வானதி நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீர் இல்லாத வருஷத்தில்கூட உளுந்தாவது தெளித்து வைப்பாரே தவிர, ஒரு குழி நிலத்தைத் தரிசாகப் போட்டவரில்லை அவர். ஃபாஜிலுக்கு அது விளங்கவில்லை. "ஆமாங்கய்யா," என்றான் மரியாதையாக.

துரைராசு பேனாவை மூடினார்.

"அன்னைக்கி இதே மாதிரி ஒரு கவுண்டர்ல கையெழுத்துப் போட்டேன் தம்பி. ரயில்ல இவ எம்பக்கத்துலதான் ஒக்காந்து வந்தா. நீடாமங்கலம் வர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேசல. ஏம்ப்பா இப்படிப் பண்ணுனீங்கன்னு ஒரு தடவ கேட்டிருந்தான்னா எனக்கு ஆறிப்போயிருக்கும். இருவத்தஞ்சு வருஷமாக் கேக்கல."

"அதெல்லாம் இப்ப எதுக்குப்பா. மணியாவுது."

அவர் காதில் வாங்கவில்லை. பட்டன் போனை எடுத்துக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து அமுக்கினார். போனில் பேசினால் எதிராளி பக்கத்து ஊரில் இருக்கிறான் என்பதற்காக அவ்வளவு தூரம் கேட்கிற மாதிரிதான் அவர் பேசுவார். கட்டணப் பிரிவில் இருந்த எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"அண்ணாதுரை, நாந்தான். வயல் கேட்டுக்கிட்டிருந்தியே, இன்னும் வேணுமா?"

வானதி கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அண்ணாதுரை அடுத்த வரப்புக்காரர், நடவு மெஷின் வைத்திருப்பவர். மூன்று வருஷமாக அந்த நிலத்தைக் குத்தகைக்குக் கேட்கிறார். நான் கண்ணை மூடின பிறகு வந்து கேளுடா என்று கோயில் வாசலில் வைத்து நாலு பேர் முன்னிலையில் விரட்டியவர்தான் அப்பா. தன் நிலத்தில் இன்னொருவன் ஏரை அவர் பயிர் வைத்த ஐம்பது வருஷத்தில் ஒரு போகம்கூட இறங்க விட்டதில்லை.

"வெளையாட்டு இல்லடா. எம்மவளுக்கு ஒரு மாத்தாள் வேணும். அவளுக்கு எறங்க முடியாது, காலேஜ் இருக்கு. நீ எறங்கு. நாத்து தயாரா நிக்கிது, நாளைக்கே பறிச்சுக்க. எத்தன நாளைக்கா? மூணு வருஷத்துக்கு. குத்தகைய நீயே பாத்து நெல்லாக் குடு." ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார். "இல்ல இல்ல, எஞ்சின் கொட்டக சாவி தர மாட்டேன். ஒன் மோட்டாரக் கொண்டாந்து எறச்சுக்க. அது எம்மவ பேர்ல இருக்கு."

போனை வைத்துவிட்டு, ஆறு கையெழுத்து வாங்கியிருந்த விண்ணப்பத்தை நிலவரி ரசீதை மடிப்பதுபோல் நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "தம்பி, ஒங்களுக்கு வேல குடுத்துட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க," என்றார் ஃபாஜிலிடம். கடிகாரத்தில் நாலுக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

"நெலத்த விட்டுட்டு நீங்க என்னப்பா செய்வீங்க?" என்றாள் வானதி. கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது.

"வரப்புல நின்னு அண்ணாதுரைக்குக் கொற சொல்லுவேன். இப்ப ஒனக்கு எந்தக் கிளாசு?"

"பிராக்டிகல். பாதி முடிஞ்சிருக்கும்."

"மீதி இருக்குல்ல. போ. நான் வெளிய ஒக்காந்திருக்கேன், சேந்தே போவலாம்."

ஆய்வகத்தில் எழில்மொழி மைக்ராஸ்கோப்பை இவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். வானதி குனிந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் கலங்கித் தெரிந்தது. லென்ஸில் தண்ணீர் பட்டுவிட்டது என்று எழில்மொழி துணியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். அப்புறமும் அப்படியேதான் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே, புங்க மரத்தடி சிமெண்ட் பெஞ்சில் அப்பா குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா, ரிஃபண்டு வந்துருச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள் எழில்மொழி.

"வந்துருச்சு."

"எவ்வளவு?"

"முழுசா," என்றாள் வானதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்லைடைச் சரியாக வைத்தாள்.